ஐந்து பிள்ளைகள், பதினைந்து கையெழுத்துகள்

(லெம்பா பெர்த்தாமில் நடைபெற்ற நம் சங்கத்தின் பொன்விழாவில், மாலை வகுப்பு ஆசிரியர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

 

இன்றைய கல்வி மாற்றங்களுக்கு ஆசிரியர்கள் எப்படித் தங்களைத் தயார் செய்துகொள்கிறார்கள் என்பது பற்றிப் பேசும்படி செயலவை எங்களைக் கேட்டுக்கொண்டது. நாங்கள் நான்கு பேர். ஒருவர் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒருவர் தேசியப் பள்ளியில் இன்றும் பணியாற்றுகிறவர். ஒருவர் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத். நான்காமவர் கடை வைத்திருப்பவர். ஆசிரியர் பயிற்சி பெறாதவர். கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுப்பவர். இந்த உரையை ஒருவர் வாசித்தாலும் எழுதியது நால்வரும் சேர்ந்துதான். ஆகவே பாராட்டு வந்தால் நால்வருக்கும் பங்கு உண்டு. குறை இருந்தால் அதற்கும் அப்படியே.

சென்ற செயலவைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மாலை வகுப்பில் இவ்வாண்டு பதினொரு பிள்ளைகள்தாம் படிக்கிறார்கள். மாடியறை, மின்சாரக் கட்டணம், பாடநூல், ஆசிரியர்களுக்குச் சிறு படித்தொகை என்று மாதந்தோறும் செலவு ஆகிறது. பதினொரு பிள்ளைகளுக்காக இதைத் தொடரத்தான் வேண்டுமா என்று ஒரு சகோதரர் கேட்டார். அவர் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. சங்கப் பணத்துக்குக் கணக்குப் பார்ப்பது செயலவையின் கடமை. அந்தக் கேள்விக்கு எங்களால் இயன்ற பதிலாகவே இந்த உரையை அமைத்திருக்கிறோம்.

எண்ணிக்கை பார்ப்பது இந்த மலைநாட்டுக்குப் புதிதல்ல. போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. பாரத் தேயிலை 1933-இல் வந்தது. அவை வருவதற்கு முன்பே, 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒரு தோட்டத்தில் ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் அவர்களுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்திருந்தது. பத்துப் பேர் சேர்ந்தால் பள்ளி உண்டு. ஒன்பது பேர் இருந்தால் இல்லை. அப்படிக் கிடைத்த பள்ளியிலும் பாடம் சொல்ல வந்தவர் பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோதான். பயிற்சிக் கல்லூரியின் வாசலை அவர்கள் மிதித்ததில்லை. ஆனாலும் நம்மில் பலரின் தாத்தாக்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

நாடு சுதந்திரம் பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவை 530-க்குள் அடங்கிவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்ததும் அதற்குக் காரணங்கள். நம் மலையில் இன்னொரு காரணமும் உண்டு. கையால் கொழுந்து எடுத்த காலம் போய், கத்தரி வந்து, இப்போது இயந்திரம் வந்துவிட்டது. தோட்டத்தில் இன்று வேலை செய்கிறவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். தேயிலை குறையவில்லை, தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறைந்துவிட்டன.

இப்போது இரண்டு எண்களைச் சொல்கிறோம். பெற்றோர்கள் தயவு செய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஒரு பள்ளியில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முஸ்லிம் மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி வழங்க வேண்டும் என்கிறது. அதே சட்டம், தேசியப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்ப்பள்ளியில் மார்க்கக் கல்விக்கு ஐந்து. தேசியப் பள்ளியில் தமிழுக்குப் பதினைந்து.

நம் குடும்பங்கள் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கின்றன. ஒரு வீட்டார் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அங்கே நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தாம். ஓதிக்கொடுக்க ஆள் இல்லையே என்ற கவலை. அடுத்த வீட்டார் தேசியப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அங்கே தமிழ் இல்லையே, பிள்ளை பாட்டியின் கடிதத்தைக் கூடப் படிக்க மாட்டேன் என்கிறதே என்ற கவலை. இந்த இரண்டு கவலைகளும் மாலை ஐந்து மணிக்குப் புத்தகப் பையோடு நம் மாடிப்படி ஏறி வருகின்றன. அந்தப் பதினொரு பிள்ளைகளில் நான்கு பேர் தமிழ்ப்பள்ளியிலும் ஏழு பேர் தேசியப் பள்ளியிலும் படிக்கிறார்கள். எந்தப் பள்ளியின் எண்ணிக்கையிலும் நிறையாதவர்கள் எங்களிடம் வருகிறார்கள்.

அன்பர்களே, மாற்றம் என்று எல்லோரும் பேசுகிறோம். எங்கள் மூத்த ஆசிரியர் தம் பணிக்காலத்தில் எத்தனை மாற்றங்களைக் கண்டார் என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். அவர் 1985-இல் பள்ளிக்குள் நுழைந்தபோது, வாசிப்பு, எழுத்து, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் முன்வைத்த புதிய கலைத்திட்டம் வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1988-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கச் சொன்னார்கள். 2011-இல் கே.எஸ்.எஸ்.ஆர். என்ற கலைத்திட்டம். 2012 முதல் அந்த இரண்டு பாடங்களும் படிப்படியாகத் தமிழுக்கே திரும்பின. 2017-இல் சீரமைக்கப்பட்ட கலைத்திட்டம். 2019-இல் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்குத் தேர்வு இல்லை, வகுப்பறை மதிப்பீடு மட்டும். 2020-இல் பள்ளியே இல்லை, திறன்பேசிதான் பள்ளி. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது, அவ்வாண்டே அவரும் ஓய்வு பெற்றார். இப்போது 2027-க்கு இன்னொரு புதிய கலைத்திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: “நான் சேரும்போது வந்த தேர்வு, நான் போகும்போது என்னோடேயே ஓய்வு பெற்றுவிட்டது.”

2003-ஆம் ஆண்டை அவர் மறக்கவில்லை. மடிக்கணினி வந்தது, ஒளிபடக் கருவி வந்தது, குறுந்தட்டு வந்தது. அவருக்கோ அப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் பாடம் நடத்திய பழக்கம் இல்லை. இரவில் அகராதியை வைத்துக்கொண்டு மறுநாள் பாடத்துக்கான சொற்களைப் பொறுக்கி எழுதுவார். வகுப்பில் கரும்பலகையை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தார். முதல் கட்டத்தில் இலை, இரண்டாவதில் டாவுன், மூன்றாவதில் லீஃப். பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே இருந்த செடியைப் பார்த்து மூன்றையும் சொன்னார்கள். 2012-க்குப் பிறகு அந்த மூன்றாவது கட்டம் தேவையில்லை என்று ஆனபோதும் அவர் அதை அழிக்கவில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இந்தச் சொல் என்றைக்காவது வேண்டியிருக்கும் என்றார். கொள்கை எப்படித் திரும்பினாலும், பிள்ளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு விழாமல் நடந்து போக ஒரு பலகை போட்டுக் கொடுப்பதுதான் தம் வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பலகை இன்று நம் மாடியறையில் இருக்கிறது. அதில் நான்காவது கட்டம் ஒன்றை உஸ்தாத் சேர்த்திருக்கிறார். அரபியில் வரக் என்றால் இலை. காகிதத்துக்கும் அதே சொல்தான். தமிழிலும் ஏடு என்றால் ஓலையையும் சொல்லும், புத்தகத்தின் பக்கத்தையும் சொல்லும் என்று தமிழாசிரியர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது இதையே பேசிக்கொண்டு போனார்கள்.

புதிய வழி தேடுவது நம் சமூகத்துக்கு அன்னியமானதும் அல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிக் கற்பித்தார்கள். அரபுத்தமிழ் என்று அதைச் சொல்கிறோம். குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்ட ஒரு பெண்பிள்ளை, வேறு எழுத்துப் படிக்காமலேயே, அதே எழுத்தில் தன் தாய்மொழியில் மார்க்கச் சட்டங்களைப் படிக்க முடிந்தது. கையில் இருந்த எழுத்தைக் கொண்டே அறிவை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். அந்த ஆசிரியர்களுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்தார்கள், அங்கிருந்து தொடங்கினார்கள்.

ஆறு வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் எப்படிப் படிக்கும் என்று பலர் கேட்கிறார்கள். மாணவர் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். நம் பழைய திண்ணைப் பள்ளியிலும் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். தான் படித்ததைச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர் இந்த முறையைக் கைக்கொண்டார். 1797-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. இன்று பயிற்சிக் கல்லூரிகளில் சகமாணவர் கற்றல் என்று அதைப் புதிய பாடமாகச் சொல்கிறார்கள். நம் மாடியறையில் பதினான்கு வயது மாணவி ஆறு வயதுத் தம்பிக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கிறாள். அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே அவள் தன் ஓதலைச் சரிசெய்துகொண்டு வருகிறாள்.

வகுப்பறை இல்லாமல் பாடம் நடத்தவும் இந்த ஊர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 2013 அக்டோபர் 23-ஆம் நாளை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நள்ளிரவு கடந்த நேரத்தில் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் லெம்பா பெர்த்தாமுக்குள் புகுந்தது, உயிர்கள் போயின, வீடுகளும் வண்டிகளும் சேற்றில் புதைந்தன. நம் பிள்ளைகளில் சிலருக்குப் பள்ளிப்பையே மிஞ்சவில்லை. அந்த வாரம் நாங்கள் பாடநூலைத் திறக்கவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து, அன்றிரவு என்ன கேட்டாய், என்ன பார்த்தாய் என்று பேசவிட்டோம். பேசப்பேசத்தான் அவர்களுக்குத் தூக்கம் வந்தது என்று தாய்மார்கள் பிறகு சொன்னார்கள்.

ஆகவே 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, இதையும் சமாளிப்போம் என்று நினைத்தோம். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. கல்வி அமைச்சு டெலிமா தளத்தைத் தொடங்கியது. பள்ளிகள் இயங்கலை வகுப்பு நடத்தின. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு இணையம் வந்தால் அந்தப் பக்கம் அதுவும் இல்லை. எங்கள் மாணவர்கள் மூன்று பேர் ஒரே வீட்டில். வீட்டுக்கு ஒரே திறன்பேசி. அதுவும் வாப்பாவின் சட்டைப் பையில். வாப்பாவோ காய்கறி லாரி ஓட்டுகிறவர். இரவில் கோலாலம்பூர்ச் சந்தைக்கு முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு இறங்குவார். சுபுஹு முடிந்துதான் வீடு திரும்புவார்.

முதல் மாதம் அந்த மூன்று பிள்ளைகளும் வகுப்புக்கு வரவில்லை என்று பதிவேட்டில் குறித்தோம். உண்மையில் வராமல் இருந்தது நாங்கள்தாம். எங்களுக்கு வசதியான நேரத்தை வைத்துவிட்டு அவர்களை எதிர்பார்த்தோம். பிறகு உஸ்தாத் ஒரு வேலை செய்தார். பாடத்தை மூன்று நிமிடக் குரல் பதிவாகப் பேசி இரவிலேயே புலனத்தில் அனுப்பிவிடுவார். லாரிக்காரர் காலையில் வீடு வந்ததும் பேசியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார். பிள்ளைகள் கேட்டு, தாங்கள் ஓதியதைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். படம் வேண்டாம், காணொலி வேண்டாம், குரல் மட்டும் போதும். குரலுக்கு இணையம் கொஞ்சம்தான் செலவாகும். ஒரு நாள் அந்த வாப்பாவே உஸ்தாதுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்: “உஸ்தாத், தாப்பா மலைப்பாதை இறங்கும்போது நானும் உங்க பாடத்தக் கேட்டேன். சின்ன வயசுல ஓதுனது. எங்க தப்பு விட்டேன்னு சொல்லுங்க.” கீழே அவர் ஓதல் இருந்தது. ஒரு பிள்ளைக்காக நேரத்தை மாற்றினோம். குடும்பமே மாணவராகச் சேர்ந்தது.

கருவி வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கருவியை யார் கையில், எந்த நேரத்தில், எவ்வளவு செலவில் என்று பார்க்காமல் பாடம் நடத்த முடியாது என்பதைத்தான் கற்றோம்.

இப்போது எங்கள் தவறு ஒன்றையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். தேர்வு எடுக்கப்பட்ட பிறகு பெற்றோர்கள் தவித்துப்போனார்கள். அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை என்று பள்ளி தரும் அறிக்கையைப் பார்த்து, இது எத்தனை மார்க் என்று எங்களைக் கேட்டார்கள். அவர்களைத் திருப்திப்படுத்த நாங்களே மாதத் தேர்வு வைத்தோம். நூற்றுக்கு இத்தனை என்று போட்டு வகுப்பில் வாசித்தோம். தேசியப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி தமிழில் கடைசியாக வந்தாள். அதைச் சத்தமாக வாசித்தோம். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. மூன்று மாதம் வரவில்லை.

அவளுடைய நன்னிமா ஒரு நாள் படியேறி வந்தார். தோட்டத்து வாசலில் பல ஆண்டுகள் நாசி லெமாக் விற்றவர். உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டிருப்பீர்கள். அவர் கோபப்படவில்லை. “புள்ளைக்குத் தமிழ் வராமலா எங்கிட்ட நாள் முழுக்கப் பேசுது? நீங்க கேக்குற தமிழ்தான் அதுக்கு வரல” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் நால்வருக்கும் தலை குனிந்துவிட்டது.

அந்தப் பிள்ளையை அழைத்துவரச் செய்து, தாளைக் கொடுக்காமல், உன் நன்னிமா நாசி லெமாக் எப்படிச் செய்வார் என்று கேட்டோம். விடியற்காலை நான்கு மணிக்குத் தேங்காய் திருகுவதிலிருந்து, நெத்திலியைத் தனியாகப் பொரித்து வைப்பது, வாழையிலையை அனலில் வாட்டிக் கூம்பாக மடிப்பது வரை பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள். வரிசை தவறவில்லை, காரணம் தவறவில்லை. சூடு காட்டாவிட்டால் இலை ஏன் கிழிகிறது என்றும் சொன்னாள். இதை எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் அவளால் எழுத முடியவில்லை. அவளிடம் தமிழ் இருந்தது, எழுத்துத்தான் இல்லை. நாங்கள் அளந்தது எழுத்தை மட்டும். பள்ளியில் வகுப்பறை மதிப்பீடு என்று எதைச் சொன்னார்களோ, அதன் பொருள் எங்களுக்கு அன்றுதான் விளங்கியது: பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதைப் பிடிப்பதற்கு முன், என்ன தெரியும் என்பதைக் கண்டுபிடி. இப்போது அவள் சொல்வதை நாங்கள் எழுதுகிறோம். நாங்கள் எழுதியதை அவள் படிக்கிறாள். அடுத்த நாள் அதைப் பார்த்து எழுதுகிறாள். மாதத் தேர்வை நிறுத்திவிட்டோம். மார்க் எங்கே என்று கேட்கும் பெற்றோரை, வந்து அரை மணி நேரம் வகுப்பில் உட்காருங்கள் என்று அழைக்கிறோம். வந்தவர்கள் மறுபடி மார்க் கேட்கவில்லை.

கடைசியாக வந்த மாற்றம் செயற்கை நுண்ணறிவு. ஆசிரியர்கள் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று செய்தித்தாள்களில் படிக்கிறீர்கள். எங்களுக்கும் அந்த அச்சம் கொஞ்சம் உண்டு. சென்ற ஆண்டு, என் வாப்பா என்ற தலைப்பில் கட்டுரை கேட்டோம். ஒரு மாணவன் இரண்டு பக்கம் கொண்டுவந்தான். ஒரு பிழை இல்லை. அவனுடைய வாப்பா காலையில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு அலுவலகம் போகிறார். மாலையில் வந்து அவனோடு பூங்காவில் உலாவுகிறார். உங்களுக்குத் தெரியும், அவனுடைய வாப்பா பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்கிறவர். கழுத்துப்பட்டையை அவர் நிக்காஹ் அன்று கூடக் கட்டியிருக்க மாட்டார்.

பழைய நாளாக இருந்தால் பிரம்புதான் பேசியிருக்கும். தமிழாசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்து, “நல்லா இருக்கு தம்பி. ஆனா இது யாரோட வாப்பா?” என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். சனிக்கிழமை இரவு கடையில் வாப்பாவின் பக்கத்தில் நின்று, நீ கண்ணால் பார்த்தது பத்து எழுதிக்கொண்டு வா என்றார். ஏழு வரி கொண்டுவந்தான். பிழைகள் இருந்தன. ஆனால் குளிரில் வாப்பாவின் விரல் வெடித்திருப்பதும், மீதிச் சில்லறை கொடுக்கும்போது அவர் கையுறையைக் கழற்றுவதும் அந்த ஏழு வரியில் இருந்தன. பிழைகளைத் திருத்த அவனும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சில சொற்களுக்குத் திறன்பேசியிடமும் கேட்டார்கள். கருவியைத் துரத்தவில்லை. வாப்பாவைப் பார்க்கும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்கவில்லை.

சபையோரே, நாங்கள் சொன்ன இவை எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கலைத்திட்டம் எத்தனை முறை மாறினாலும், தேர்வு வந்தாலும் போனாலும், கருவி புதிதாக வந்தாலும், ஆசிரியர் ஒவ்வொரு முறையும் தன்னை மாற்றிக்கொண்டது ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பார்த்துத்தான். லாரிக்காரரின் பிள்ளைகள், நாசி லெமாக்காரரின் பேத்தி, சோளக் கடைக்காரரின் மகன். பெரிய வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவில் இதைச் செய்யத் தவிக்கும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். நம்மிடம் பதினொரு பேர் இருக்கிறார்கள். குறைவு என்று செயலவை கருதும் இந்த எண்ணிக்கைதான் எங்களுக்குக் கிடைத்த வசதி.

ஆகவே பொன்விழாவின் பேரால் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம்.

முதலாவது, ஐந்து. நம்மில் சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் முதலாம் ஆண்டுப் பதிவுக்கு முன்பே ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். தனித்தனியே முடிவெடுத்தால் ஆளுக்கொரு பள்ளியாகச் சிதறிப்போகிறோம். ஐந்து பிள்ளைகள் ஒரே தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தால், ஓதிக்கொடுக்க ஆள் இல்லை என்ற காரணத்துக்கு இடமில்லாமல் போகும். எண் நிறைந்த மறுநாளே ஆசிரியர் வந்துவிடுவார் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. மாநில அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட ஆசிரியர் வர வேண்டும், அதற்கு எழுதவும் நடக்கவும் வேண்டும். எழுதுவதையும் நடப்பதையும் நாங்கள் செய்கிறோம். பிள்ளைகளை நீங்கள் சேர்த்துக்கொடுங்கள்.

இரண்டாவது, பதினைந்து. தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு நம் வீடுகளில் மட்டும் பதினைந்து தேறாது. ஆனால் சட்டம் முஸ்லிம் வீடா, இந்து வீடா, கிறிஸ்துவ வீடா என்று கேட்கவில்லை. தமிழ் வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள் என்றுதான் பார்க்கிறது. தோட்டத்தில் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வாசலில் வளர்ந்தவர்கள் நாம். வெள்ளம் வந்தபோது யார் வீட்டுச் சோறு என்று பார்த்தா சாப்பிட்டோம்? சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, இந்த மண்டபத்தின் கதவைத் திறந்து வைத்து, எல்லாத் தமிழ்ப் பெற்றோரையும் கையெழுத்திட அழைப்போம். இன்று இங்கே வந்திருக்கும் சகோதர சமயத்து நண்பர்களில் இருவர் ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது, அந்த இரண்டு எண்களும் நிறைகிற வரை மாலை வகுப்பை மூட வேண்டாம். எங்களில் இருவருக்கு அறுபது தாண்டிவிட்டது. படித்த இளையவர்கள் இரண்டு பேரை எங்களோடு உட்காரவையுங்கள். அவர்களுக்கு நல்ல படித்தொகை கொடுங்கள். பயிற்சிப் பட்டறைகளுக்கு அனுப்புங்கள். எங்களுக்குத் தெரியாத கருவிகளை அவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பிள்ளையின் முகத்தைப் படிக்க நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பலர், இராமநாதபுரத்துப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் இருந்து வந்து, ரிங்லெட் கடைத்தெருவில் படுத்து எழுந்து பிழைத்தவர்களின் பிள்ளைகள். மண்டபம் கட்டுவதற்கு முன்பே ஒரு பாய் விரித்து ஓதக் கற்றுக்கொடுத்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று பாயில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அந்தப் பாயில் உட்கார்ந்த சிலர் இன்று இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கையெழுத்துத் தாள் வாசலில் மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. விருந்துக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று போங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவைப் பெருக்குவானாக, நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.